‘அன்’ இறங்கி நடந்த ஊர்

தேரிவிளைத் தொடக்கப் பள்ளியின் நாலாம் வகுப்புக் கரும்பலகையிலிருந்து ‘அன்’ இறங்கி நடந்தது ஆடிக் காற்றின் கடைசி வாரத்தில். காற்று செம்மணலை அள்ளிக்கொண்டு வந்து சன்னல் வழியாக வகுப்புக்குள் கொட்டிக்கொண்டிருக்க, பிள்ளைகள் அதைக் கையால் வழித்து வெளியே போட்டுக்கொண்டிருக்க, முப்பிடாதி டீச்சர் யு என்ற எழுத்தையும் என் என்ற எழுத்தையும் சேர்த்து எழுதி, “இது தனி வார்த்தை இல்ல பிள்ளைகளா, முன்னொட்டு. ஒரு வார்த்தைக்கு முன்னால போய் ஒட்டிக்கிட்டா அந்த வார்த்தையே தலைகீழாயிரும்” என்று சொல்லி முடிக்கவும், நிமிர்த்தி வைத்த சட்டி மாதிரி ஒன்றும் கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஒன்றுமாக இருந்த அந்த இரண்டு எழுத்துகளும் பலகையின் ஓரத்துக்கு நகர்ந்து, மரச்சட்டத்தைப் பிடித்து இறங்கி, தரையில் கிடந்த மணலில் சின்னச் சின்னத் தடம் பதித்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து போயின. இரண்டும் எப்போதும் சேர்ந்தே போனதால் ஊர் பிறகு அதை ஒருமையில்தான் பேசியது.

முப்பிடாதிக்கு முதலில் வந்த பயம், ஸ்பெல்லிங்கைத் தப்பாக எழுதிவிட்டோமோ என்பதுதான். அவள் மாவட்டத்தின் மறுகோடியில் பிறந்து, தமிழ் வழியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து இந்தத் தேரிக்காட்டுக்கு வேலைக்கு வந்தவள். நாலு பேர் முன்னால் ஒரு இங்கிலீஷ் வார்த்தை சொல்ல நேர்ந்தால் காது மடல் சுடும். அதனால் மறுநாள் பாடத்தை முந்தின சாயங்காலமே வாடகை அறையின் கண்ணாடி முன்னால் நின்று ‘டை, அன்டை, லாக், அன்லாக்’ என்று முணுமுணுத்துப் பழகிக்கொள்வாள். அந்தப் பயத்தோடு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, முதல் பெஞ்சுப் பேச்சியம்மாள் மடியில் வைத்திருந்த சிலேட்டில் ‘அன்’ ஏறி, அவள் எழுதிவைத்திருந்த, கட்டு என்று அர்த்தமாகும் ‘டை’க்கு முன்னால் ஒரு கோழிக்குஞ்சு ஒண்டுவதைப் போல ஒண்டிக்கொண்டது. உடனே பேச்சியின் இரண்டு சடை ரிப்பன்களும் அவிழ்ந்து விழுந்தன, பக்கத்துப் பெஞ்சுக்காரிகளின் ரிப்பன்கள் அவிழ்ந்தன, டிபன் பாத்திரத்தைச் சுற்றியிருந்த துணி முடிச்சுகள் அவிழ்ந்தன, வெளியே வேம்பில் கட்டியிருந்த மாடு கயிற்றை உதறிவிட்டுப் பள்ளிக்கூடத்து முருங்கையை நோக்கி நிம்மதியாக நடந்தது.

“டீச்சர், சரியாத்தான் எழுதியிருக்கிய” என்றாள் பேச்சி, அவிழ்ந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே.

சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. எப்படி வந்தது, ஏன் வந்தது என்று தேரிவிளையில் ஒருவரும் கேட்கவில்லை. காற்று அடித்தால் மணல்மேடு இடம் மாறிப் போகிற ஊர் அது. நேற்று இருந்த பாதை இன்று இல்லையென்றால் வேறு பாதையில் நடக்கப் பழகியவர்கள். அவர்கள் கேட்டதெல்லாம், அது கடிக்குமா, அதற்குச் சாப்பிட ஏதாவது வைக்க வேண்டுமா, பொழுதடைந்தால் எங்கே அடையும் என்பதுதான். கடிக்காது. சாக்பீஸ் தூள் இருந்தால் போதும். பொழுதடையும்போது தானே வந்து கரும்பலகையின் இடது மேல் மூலையில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஊர் அதைத் தன் வேலைகளுக்குக் கூப்பிட ஆரம்பித்தது.

கூப்பிடுவதற்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. எந்தப் பொருளை மாற்ற வேண்டுமோ அதன் மேல் சரியான இங்கிலீஷ் வார்த்தையைச் சாக்பீஸால் எழுத வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் ‘அன்’ வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதனால் பனங்கயிற்றுச் சிக்கலைப் பிரிக்க முடியாமல் தவித்தவர்கள் முடிச்சைக் குறிக்கும் ‘நாட்’ என்ற வார்த்தைக்கு முன்னால் ஓசையில்லாத ஒரு எழுத்து இருப்பதைக் கற்றுக்கொண்டார்கள். சாவி தொலைந்த பெட்டிக்காரர்கள் ‘லாக்’ கற்றுக்கொண்டார்கள். முந்திரி மூட்டை ஏற்றி வந்த லாரியின் பக்கவாட்டில் சுமைதூக்குகிறவர்கள் ‘லோடு’ என்று எழுதிவிட்டு நிழலில் மல்லாந்து படுத்து, மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கி வரிசையாக உட்காருவதைப் பீடி குடித்துக்கொண்டே பார்த்தார்கள். நாலு மணி மணியடித்துப் பிள்ளைகள் வெளியே வந்தால் பெரியவர்கள் உள்ளே போனார்கள். பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, “டீச்சரு, ‘ஃபோல்டு’க்கு எத்தன எழுத்து?” என்று கேட்டார்கள். யாருக்கும் தப்பில்லாமல் சொல்ல வேண்டியிருந்ததால் முப்பிடாதிக்குக் காது சுடுவதற்கு நேரமே கிடைக்கவில்லை.

சங்கடங்களும் வந்தன. ஒரு பையன் வீட்டுப்பாடத்தை முடித்த பெருமையில் தாளின் மேலே ‘டன்’ என்று எழுதிவிட, ‘அன்’ கூப்பிடாமலே போய் அதன் முன்னால் உட்கார, மொத்தக் கணக்கும் வெள்ளைத் தாளாகிவிட்டது. அவன் அழுததை வைத்து அது உண்மை என்று டீச்சர் நம்பினாள். ஆரோக்கியம் வீட்டுப் பிள்ளையின் பிறந்த நாளுக்கு டவுன் பேக்கரியிலிருந்து வந்த கேக்கின் மேல் சிவப்புக் கிரீமில் எழுதியிருந்த ‘ஹேப்பி’யைப் பார்த்ததும் ‘அன்’ தாவி ஏறிக்கொண்டது. அதற்குப் பிறகு பலூன் ஊதினவர்களும், பாட்டுப் பாட வாய் திறந்தவர்களும், பிறந்த நாள்காரியும், ஏன் என்று தெரியாமலே தேம்பித் தேம்பி அழுதார்கள். யாரோ ஒரு அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே கத்தியை எடுத்து அந்த எழுத்து இருந்த துண்டை வெட்டி நகர்த்திய பிறகுதான் எல்லோரும் சிரித்தார்கள். லக்கி டெய்லர் என்று போர்டு வைத்திருந்த செல்லையா பாடுதான் பெரும்பாடு. காலையிலிருந்து ஊசி ஊசியாக ஒடிந்து, ஒரு சட்டைக்கு மூன்று கை தைத்து, வெளியே வந்து பார்த்தால் ‘லக்கி’க்கு முன்னால் அது சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் டீச்சரிடம் கேட்டு, அதே அர்த்தத்தில் பெரிய வார்த்தையாக ‘ஃபார்ச்சுனேட்’ என்று மாற்றி எழுதினார். பெயிண்ட் காயும் முன்னே அது அதற்கு முன்னாலும் வந்து உட்கார்ந்துவிட்டது.

வார்டு மெம்பர் தனிஸ்லாசுக்கு நடந்தது வேறு. அவர் தன் மோட்டார் சைக்கிளின் முன்னால், தான் வருவது தெரிய வேண்டும் என்று ‘இம்பார்ட்டன்ட்’ என எழுதிவைத்திருந்தார். ‘அன்’ அதில் ஏறின நாளிலிருந்து ஆடுகூட அவருக்கு வழிவிடவில்லை. கூட்டத்தில் அவருக்கு நாற்காலி போட எல்லோரும் மறந்தார்கள். முதலில் கொதித்தவர், பிறகு டீக்கடையில் யாரும் மனுவோடு வந்து மறிக்காமல் முழு டீயையும் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்த அன்று, “இது இங்கனயே கிடக்கட்டும்டே, யாரும் விரட்டாதிய” என்று சொல்லிவிட்டார். அது தானாக இறங்கிப் போனபோது அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

இப்படித்தான் தேரிவிளை, ‘அன்’ ஏறக்கூடிய வார்த்தை எது, ஏறாத வார்த்தை எது என்று கணக்குப் பார்க்கிற ஊராக மாறியது. வகுப்பில் அதை முதலில் கவனித்தது பேச்சிதான். அவள் கூட்டாளி ஒருத்தி ஆட்டுக்குட்டி சந்தைக்குப் போன துக்கத்தில் சிலேட்டில் ‘சேட்’ என்று சரியாக எழுதி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். ‘அன்’ வந்தது, மோந்தது, இரண்டடி பின்னால் போய் நின்றது, திரும்பி நடந்தது.

“ஏன் டீச்சர்? ஸ்பெல்லிங் சரிதான?”

முப்பிடாதி சற்று யோசித்தாள். பயிற்சிப் பள்ளியில் இதற்கு என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை. “அது எல்லா வீட்டுலயும் சம்பந்தம் பண்ணாதுட்டீ” என்றாள். “ஒரே அர்த்தமுள்ள வார்த்தையெல்லாம் பங்காளிங்க. ‘ஹேப்பி’, ‘க்ளாடு’, ‘மெரி’, ‘ஜாய்ஃபுல்’ எல்லாம் ஒரே குடும்பம். ஆனா இது ‘ஹேப்பி’ வீட்டுல மட்டுந்தான் பொண்ணெடுக்கும். மத்த வீட்டு வாசலுக்கு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போயிரும்.”

பிள்ளைகளுக்கு அது சட்டென்று பிடிபட்டது. அன்று முதல் ஒவ்வொரு வார்த்தைக்கும் “டீச்சர், இதுக்குப் பங்காளி யாரு?” என்று கேட்கத் தொடங்கினார்கள். டவுன் பேக்கரிக்காரர் தேரிவிளைக்குப் போகிற கேக்கில் மட்டும் ‘மெரி பர்த்டே’ என்று எழுதினார். செல்லையா கடைசியில் போர்டை அழித்துவிட்டுத் தன் பெயரையே எழுதிக்கொண்டார். பெயர்களுக்கு எந்த முன்னொட்டும் வருவதில்லை.

பேச்சி மட்டும் அந்த விளையாட்டில் சேராமல் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவள் அப்பா உச்சிமாகாளி, அந்த வட்டாரத்துக்கே மைக் செட்காரர். கல்யாணமோ காதுகுத்தோ கோயில் கொடை விழாவோ, பனையில் குழாய் ரேடியோவைக் கட்டி, சீரியல் லைட்டைத் தொங்கவிட்டு, மைக்கைப் பிடித்தாரென்றால் மூன்று ஊருக்கு அவர் குரல் கேட்கும். காணாமல் போன மாட்டுக்கும், வந்திறங்கிய மாப்பிள்ளைக்கும், பந்திக்கு அழைக்கும் பெண் வீட்டாருக்கும் அந்தக் குரல்தான். போன கொடைக்கு முந்தின கொடையில், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, அவர் வேடிக்கையாகத் தன் மனைவி முத்துக்கனியின் குறட்டையைப் பற்றி ஏதோ சொல்ல, கூட்டமே சிரித்தது, முத்துக்கனியும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அவள் கோபப்படாமல், சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பவளைப் போல, “ஊருக்கெல்லாம் இவ்வளவு பேசுதீரே, எனக்குன்னு ஒரு வார்த்த வச்சிருக்கீரா?” என்று கேட்டாள். உச்சிமாகாளி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் ஊருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவையாக இருந்தன. நல்லதாக ஒன்று அகப்படட்டும் என்று திறந்த வாயை மூடினார். அன்றிலிருந்து அது திறக்கவே இல்லை. வேண்டுதலும் இல்லை, நோயும் இல்லை. வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான். மைக் செட்டை மட்டும் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டு, வயர் சுற்றிக்கொண்டு, சாப்பிட்டு, தூங்கி, சிரிக்க வேண்டிய இடத்தில் பல் தெரியச் சிரித்து இருந்தார்.

முப்பிடாதியின் வாடகை அறைக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். சாயங்காலங்களில் அவள் கண்ணாடி முன்னால் நின்று வார்த்தைகளைப் பழகும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் முத்துக்கனி தனிக்குரலில் பேசிக்கொண்டே இருப்பது கேட்கும். வார்த்தை புரியாது, ஏற்ற இறக்கம் மட்டும் கேட்கும். பதில் வராது. ஒரு ஆள் இரண்டு ஆள் அளவுக்குப் பேசுகிறாளே என்று முப்பிடாதி நினைத்துக்கொள்வாள்.

புரட்டாசி பிறந்த பிறகு ஒருநாள் பேச்சி டீச்சரின் மேசைக்கு வந்து, மெல்ல, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டாள். “பேசாம இருக்கதுக்கு என்ன வார்த்த டீச்சர்?”

முப்பிடாதிக்கு யாருக்காக என்று புரிந்துவிட்டது. “சைலன்ட்” என்று சொல்லி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். மதிய மணி அடித்ததும் பேச்சி வீட்டுக்கு ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் முதுகில், பனியனுக்கு மேல், சாக்பீஸால் அழகாக எழுதினாள். ‘அன்’ வந்தது. மோந்து பார்த்தது. திரும்பிப் போயிற்று.

அந்தச் சேதி டீக்கடைக்குப் போனதும், உச்சிமாகாளிக்கு வார்த்தை தேடுவது ஊர் வேலையாகிவிட்டது. எல்லோருக்கும் அவர் குரல் வேண்டியிருந்தது. அவர் அறிவிக்காமல் நடந்த கல்யாணங்கள் பாதிக் கல்யாணம் மாதிரியே இருந்தன என்று கட்டிக்கொண்டவர்களே சொன்னார்கள். தபால் கொண்டு வருகிறவர் பக்கத்து ஊரிலிருந்து பெரிய அகராதி ஒன்றைச் சைக்கிளில் சுமந்துகொண்டு வந்தார். சைலன்டின் பங்காளிகள் ஒவ்வொருவராகப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள். ‘ஸ்டில்’ வந்தது, ‘காம்’ வந்தது, ‘ஸ்பீச்லெஸ்’ வந்தது, ‘நாய்ஸ்லெஸ்’ வந்தது. வாசல் திண்டில் எழுதி வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் ‘அன்’ அசையவில்லை. யாரோ ஊமைக்கு ‘டம்ப்’ என்று சொல்ல, “அது ஆளைக் கேவலப்படுத்துத வார்த்த, அத இந்தப் பள்ளிக்கூடத்துல எழுதக் கூடாது” என்று முப்பிடாதி கறாராகச் சொல்லிவிட்டாள். பிறகு ஒரு பிள்ளை ‘கொயட்’ என்று எழுதியது. ‘அன்’ ஓடிப் போய் அதன் முன்னால் ஏறி உட்கார்ந்தது.

பள்ளிக்கூடமே கூச்சல் போட்டது. எல்லோரும் உச்சிமாகாளி வீட்டுக்கு ஓடினார்கள். வெற்றிலைப் பெட்டிக்குக் குனிந்திருந்தவரின் சட்டை முதுகில் எழுதினார்கள். ‘அன்’ ஏறியது. உச்சிமாகாளி எழுந்தார்.

ஆனால் பேசவில்லை. எழுந்தவர் உட்காரவில்லை, அதுதான் நடந்தது. வீட்டைச் சுற்றி நடந்தார், கிணற்றை எட்டிப் பார்த்தார், சுற்றி வைத்த வயரை அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார், கூரையில் ஏறி உடைந்த ஓடுகளை மாற்றினார், பக்கத்து வீட்டு மின்விசிறியைக் கழற்றி மாட்டினார், விரலால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே தேரி மேட்டுக்கும் வீட்டுக்குமாக அலைந்தார். கண்ணில் மட்டும் ஒரு தவிப்பு. முப்பிடாதி ஓடிப் போய் அகராதியைப் புரட்டிப் பார்த்தாள். ‘அன்கொயட்’ என்றால் சத்தம் போடுவது அல்ல, நிம்மதி இல்லாமல் அலைவது. பங்காளிகளுக்கு முகச்சாடை ஒன்றாக இருக்கலாம், குணம் ஒன்றாக இருக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

முத்துக்கனி ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போய், நடந்துகொண்டே இருந்தவரின் பின்னாலேயே நடந்து, முதுகைத் துடைத்துவிட்டாள். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்தார். துணியைப் பிழிந்துகொண்டே முத்துக்கனி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“இவரு மனுசனா, ஒங்க பள்ளிக்கூடத்துக் கரும்பலகையா? வாரவன் போறவன் எல்லாம் எழுதிப் பாக்குதிய! பேசணுமான்னு அவர ஒருத்தராவது கேட்டியளா?” பிறகு, குரல் இறங்கி, “டீச்சரு, நீங்களுமா?” என்றாள்.

கூட்டம் கலைந்தது. பேச்சி சாக்பீஸைப் பாவாடையில் மறைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள்.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் முப்பிடாதி பக்கத்து வீட்டுப் படியேறினாள். உச்சிமாகாளி மைக் செட் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு குழாய் ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் தரையில், அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, நேத்து செஞ்சது தப்பு. மொதல்ல ஒங்களத்தான் கேட்டிருக்கணும். இப்பக் கேக்கேன். ஒங்களுக்குப் பேசணும்னு இருக்கா? இல்லன்னாலும் சரிதான். நான் ஊருக்குச் சொல்லிக்கிடுதேன்.”

உச்சிமாகாளி துடைப்பதை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார், ஒரு தடவை, மேலும் கீழுமாக. அதோடு நிற்காமல், பெட்டி ஒன்றை இழுத்து மூடியைத் திறந்து, உள்ளே இருந்த ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் வரிசையாக இருந்த பட்டன்களில் ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினார். தேய்ந்துபோன சிவப்புப் பட்டன். அதன் கீழே நாலு எழுத்து.

“ம்யூட்” என்று படித்தாள் முப்பிடாதி.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வீட்டுக்கு வீடு ரிமோட்டில் இருக்கிற வார்த்தை. கொரோனாக் காலத்தில் போனில் பாடம் நடத்தியபோது, “அன்ம்யூட் பண்ணுங்க, அன்ம்யூட் பண்ணுங்க” என்று அவளே தொண்டை கிழியக் கத்திய வார்த்தை. பெரிய அகராதியில் தேடின ஒருவருக்கும் அது தோன்றவில்லை. வாயசையாமல் உட்கார்ந்திருந்த இந்த மனிதருக்கு எத்தனை நாளாகத் தெரியுமோ. யாரும் கேட்காததால் அவரும் காட்டவில்லை.

“அக்கா!” என்று அடுப்படிப் பக்கம் கூப்பிட்டாள். முத்துக்கனி வந்து பட்டனையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அவருக்குப் பிரியம்னா செய்யட்டும்” என்று சொல்லிவிட்டு, மீன்காரன் சத்தம் கேட்கவும் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அன்று சனிக்கிழமை என்பதால் அரை நாள்தான் பள்ளிக்கூடம். மத்தியானத்துக்குள் ஊர் மொத்தமும் உச்சிமாகாளி வீட்டு முற்றத்தில் கூடிவிட்டது. அவர் குரல் திரும்ப வந்தால் அது மூன்று ஊருக்கும் கேட்க வேண்டும் என்று இளவட்டங்கள் பனையில் ஏறி இரண்டு குழாய்களையும் கட்டினார்கள். சீரியல் லைட்டைப் பகலென்றும் பாராமல் போட்டார்கள். தனிஸ்லாஸ் மைக்கைத் துடைத்து ஸ்டாண்டில் மாட்டினார். செல்லையா புதுச் சட்டை ஒன்று தைத்துக் கொண்டு வந்திருந்தார், இரண்டே கைகளோடு. பிள்ளைகள் மணலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர் முதலில் என்ன சொல்வார் என்று பந்தயம் நடந்தது. ‘ஹலோ, மைக் டெஸ்ட்’ என்பார் என்று பாதிப் பேர், ‘அன்பார்ந்த ஊர்ப் பெரியோர்களே’ என்பார் என்று மீதிப் பேர்.

பேச்சி அப்பாவின் கையில் சாக்பீஸைக் கொடுத்தாள். இந்தத் தடவை யாரும் அவர் மேல் எழுதவில்லை. அவரே தன் கறுத்த முன்கையில், ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துப் பார்த்து, நாலு எழுத்தை எழுதினார். வெள்ளை வெளேரென்று விழுந்தது. ‘அன்’ கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து வந்து, அவர் மடியில் ஏறி, முழங்கையில் கொஞ்ச நேரம் நின்று, அந்த வார்த்தையை மோந்து, பிறகு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிராணியைப் போல அதன் முன்னால் சுருண்டு உட்கார்ந்தது.

உச்சிமாகாளி தொண்டையைக் கனைத்தார். அதைக் கேட்டதற்கே கூட்டம் கைதட்டியது.

அவர் எழுந்தார். தனிஸ்லாஸ் மைக்கை நீட்டினார். உச்சிமாகாளி அதை மரியாதையாக வாங்கி, அதன் சுவிட்சை அணைத்து, திரும்ப அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு, “தள்ளிக்கோங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்று நடந்து வீட்டின் பின்பக்கம் போனார். அந்தத் ‘தள்ளிக்கோங்க’தான் அவர் பேசிய முதல் வார்த்தை என்பதைக் கூட்டம் கவனிக்க மறந்துவிட்டது. எல்லோரும் அவர் எங்கே போகிறார் என்றுதான் பார்த்தார்கள். பேச்சி டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், முத்துக்கனி குத்துக்காலிட்டு உட்கார்ந்து சாளை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். காக்கை ஒன்று சுவரில் காத்திருந்தது. அவள் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதைப் போலக் கத்தி வேகமாக ஓடியது.

“முத்துக்கனி” என்றார் உச்சிமாகாளி. குரல் மூன்று ஊருக்குக் கேட்கிற குரலாக இல்லை. ஒரு ஆளுக்குக் கேட்கிற அளவில் இருந்தது. “கருப்பட்டிப் பானைக்குள்ள ஒளிஞ்சிருந்த கதையப் பாதியில விட்டுட்டியே. அப்புறம் ஒங்கய்யா ஒன்னக் கண்டுபிடிச்சாரா?”

கத்தி நின்றது. “அத எப்பச் சொன்னேன்?”

“போன பங்குனியில. நீ அவரைக்காய் அரிஞ்சிக்கிட்டிருந்த. சொல்லிக்கிட்டு வரும்போது பால் பொங்கிருச்சு, எந்திச்சுப் போயிட்ட. வந்து வேற கதையத் தொடங்கிட்ட.” அவர் மூச்சு வாங்கினார். “எனக்கு அன்னையிலயிருந்து அதே நெனப்பு. பானைக்குள்ள மூச்சு முட்டுமேன்னு.”

முப்பிடாதி சுவரோரம் நின்றுவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பதிலில்லாமல் போய்க்கொண்டிருந்ததாக அவள் நினைத்த அத்தனை சாயங்காலமும், ஒரு மனிதர் ஒரு சொல் சிந்தாமல் வாங்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் பேச்சியின் தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். இருவரும் மேற்கொண்டு நகரவில்லை.

முத்துக்கனி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது. “அது பெரிய கதல்லா” என்றாள். “உக்காரும்.”

அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

“கண்டுபிடிச்சிட்டாரு. நான் பானைக்குள்ள போனதுமே பாத்துட்டாரு. ஆனா பாக்காத மாதிரி, ‘எங்க முத்துக்கனி, எம்புள்ளயக் காணலையே’ன்னு கொல்லை பூரா எம்பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டே சுத்துனாரு. எதுக்குத் தெரியுமா? நான் உள்ள இருந்து சிரிக்கணும்னு. அவரு கூப்புடக் கூப்புட நான் சிரிச்ச சிரிப்புல பானை ஆடி உருண்டு, படியில எறங்கி, அவரு காலடியிலயே போயி நின்னிச்சு.”

உச்சிமாகாளி சிரித்தார். முதலில் மூக்கு வழியாக, பிறகு தோள் குலுங்க, பிறகு வாய்விட்டு, மைக்கும் குழாயும் இல்லாமலே பனை உச்சிக்குப் போய் முட்டுகிற சிரிப்பாக. முத்துக்கனியும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். முற்றத்தில் காத்திருந்த ஊருக்கு உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. கதை என்ன, பானை எது என்று ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தச் சத்தம் வீட்டைத் தாண்டி வந்ததும், அணைந்த மைக்கைக் கையில் வைத்திருந்த தனிஸ்லாஸ் முதலில் சிரித்தார், பிறகு செல்லையா, பிறகு மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், பிறகு பனையில் தொற்றிக்கொண்டிருந்த இளவட்டங்கள். என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தவர்களும், விஷயம் தெரியாமலே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.